தொலைநிலையில் எம்.ஏ. வரலாறு: காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

எம்.ஏ. வரலாறு தபாலில் படிக்கலாமா என்று எங்கள் பள்ளி டீச்சர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். படிக்கலாம். ஆனால் அவர்கள் தரும் பாடப்புத்தகத்தை நம்பிச் சேராதீர்கள், கடைசி செமஸ்டரில் வரும் ஆய்வேட்டுக்காகச் சேருங்கள். செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு.

எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதவில்லை, ஏனென்றால் வேறு இடங்களில் படித்த தோழிகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்கள். இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில், அதனால் வேலையை விடத் தேவையில்லை. வரலாற்று வரைவியல் (வரலாற்றை எப்படி எழுதுகிறார்கள் என்ற பாடம்) எடுத்த பேராசிரியர் அருமையாக எடுத்தார், ஒரு கல்வெட்டை யார் வெட்டச் சொன்னார்கள், எதற்காக என்று கேட்காமல் படிக்கக் கூடாது என்பதை மண்டையில் ஏற்றிவிட்டார். மற்ற வகுப்புகள் சுமார்தான்.

பாடப்புத்தகம்தான் வருத்தம். தேர்வு நெருங்கும்போது கைக்கு வந்தது. வந்ததும் வெறும் ஆண்டுகளும் பெயர்களும், எங்கிருந்து எடுத்தார்கள் என்று எதற்கும் குறிப்பில்லை. காலனியப் பொருளாதாரப் பகுதியில் 'செட்டியார்கள் பர்மாவில் வட்டிக்கு விட்டு நிலங்களைச் சேர்த்தனர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். முதுகலை மாணவருக்கு அது எப்படிப் போதும்? கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் விவசாய நிலத்தில் சுமார் 6 சதவீதம்தான் செட்டியார்கள் கையில் இருந்தது, 1937 வாக்கில் அது 25 சதவீதம் ஆனது. நடுவில் நடந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் பேருக்கு வந்தது. நிலத்தை இழந்தவனின் கோபம் ஒரு பக்கம், பணம் முடங்கியவரின் தவிப்பு இன்னொரு பக்கம், அப்புறம் 1942-ல் ஜப்பான் படை வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊர் திரும்பியது. இதையெல்லாம் புத்தகத்துக்கு வெளியேதான் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

சரி, ஆய்வேட்டுக்கு வருவோம். தலைப்பு நாமே எடுக்கலாம் என்றார்கள். பக்கத்து ஊரில் தெரிந்த ஆச்சி வீட்டில், உள்முற்றத்தை ஒட்டிய இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு பெட்டகம் நிறைய பர்மா வட்டிக்கடைக் கணக்குகள் இருப்பது தெரியும், போய்க் கேட்டேன். "இதுல என்னத்தா இருக்கு, எல்லாம் செல்லரிச்ச கணக்கு" என்றார், ஆனாலும் திறந்து காட்டினார். நீளமான பேரேடு, சிவப்புத் துணி அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, சிவமயம், கீழே 'பிரமோதூத வருடம்'. தமிழ் ஆண்டு அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வருவதால் அது 1870-ஆகவும் இருக்கலாம், 1930-ஆகவும் இருக்கலாம். உள்ளே ஒட்டியிருந்த ரசீது ஒன்றில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரெவின்யூ ஸ்டாம்ப் இருந்ததால் 1930 என்று உறுதியானது. கணக்கெல்லாம் தமிழ் எண்ணில், ௰, ௱, ௲ என்று போகும். பழகுவதற்கு நாளாகும், அரைக்கால், மாகாணிக் குறிகளைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டித்தான் படித்தேன்.

முன்பக்கங்களில் பக்கத்துக்குப் பக்கம் வட்டி வரவு. அடுத்தடுத்த வருடங்களில் அது மெலிந்துகொண்டே போய், பற்றுப் பக்கத்தில் நிலத்தீர்வை, வக்கீல் செலவு, கோர்ட்டுச் செலவு என்று புதிதாக வர ஆரம்பிக்கிறது. கடன் நிலமாக மாறியதை, கடையைக் கவனித்த ஒரு மேலாள் தன் கையெழுத்தில் வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது கிடைத்த சந்தோஷத்துக்கே நான் கட்டிய கட்டணம் தகும்.

என் வழிகாட்டி ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். ஒரு கடையின் கணக்கை வைத்து மொத்த பர்மாவுக்கும் பேசாதே, கடன் வாங்கியவன் தரப்பு இந்தப் பேரேட்டில் இல்லை என்பதையும் எழுது என்றார். அதற்காக 1929-30-ல் நடந்த பர்மா வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படிக்கச் சொன்னார். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) தொழில் எப்படி நடந்தது என்று விவரமாக உள்ளது, கட்டாயம் படியுங்கள். வழிகாட்டியை ஒதுக்குவதற்குத்தான் பல்கலைக்கழகம் ரொம்பத் தாமதம் செய்தது, நாமே போன் போட்டுத் துரத்த வேண்டும்.

நூலக வசதி என்று தொலைநிலை மாணவருக்குப் பெரிதாக எதுவும் இல்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும் இப்போது சென்னையில், அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் உள்ளன. ஆவணக் காப்பகமும் எழும்பூரில். நம் ஊர்ச் சரக்கைப் பார்க்க நாம்தான் ரயிலேற வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் போனால் தூணும் எனாமல் பாத்திரமும் நிறையக் கிடைக்கும், ஆனால் எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற விவரம் பெரும்பாலும் கூட வராது. கணக்குக்கும் அதே கதிதான், எந்த ஊர், எந்த வீடு என்பது போய்விட்டால் ஆய்வுக்குப் பாதி பயன் போயிற்று. ஆகவே உங்கள் வீட்டில் பேரேடோ இசைகுடிமானமோ (நகரத்தார் கல்யாண ஒப்பந்தப் பத்திரம்) இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. முதலில் போனில் படம் எடுத்து, வீட்டு விலாசத்தைக் குறித்து வையுங்கள். வேறு வீட்டுடையது என்றால் பேரைப் போடலாமா என்று கேட்டுவிட்டே எழுதுங்கள், பழைய கடன் விவகாரத்தில் இன்னமும் மனவருத்தம் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன.

சேர்வதாக இருந்தால் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை. நீங்கள் சேரும் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. வரலாற்றுக்கு அந்த வருடம் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று யுஜிசி தளத்திலேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள், சேர்த்துவிடும் ஏஜென்ட் சொல்வதை மட்டும் கேட்டுக் கட்டாதீர்கள்.