கிரீன் கார்டு படிவம் நிரப்பித் தருகிறேன் என்றவரிடம் 2,800 டாலர் போச்சு

நேற்று மாலைதான் தெரிய வந்தது. கை இன்னும் நடுங்குகிறது. ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நான் நியூஜெர்சியில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து, ஓபிடியில் (படிப்பு முடிந்ததும் சில காலம் வேலை பார்க்கத் தரும் அனுமதி) வேலை பார்த்தவள். என் கணவர் இங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமகன். மூன்று வருடப் பழக்கம். இரண்டு வீட்டு சம்மதத்தோடு 2024 நவம்பரில் கல்யாணம். கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க, இந்திய மளிகைக் கடைகள் இருக்கும் தெருவில் ஒரு மாடியில் நடக்கும் 'இமிக்ரேஷன் சர்வீஸ்' அலுவலகத்துக்கு ஜனவரியில் போனோம்.

அங்கிருந்தவர் நம்ம ஊர்க்காரர். "கோயம்புத்தூர்ல எங்கம்மா?" என்றார். பீளமேடு என்றதும், அவர் அக்காவைக் கட்டிக் கொடுத்ததும் அங்கேதானாம். டீ வந்தது. "வக்கீல்கிட்ட போனா அஞ்சாயிரம் வாங்கிடுவான் தங்கச்சி, நான் உங்க அண்ணன் மாதிரி" என்றார். பத்து மாதமாக அம்மாவைப் பார்க்காதவளுக்கு அந்தத் தமிழ் போதுமாக இருந்தது. சுவரில் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ். வக்கீல் என்றே நினைத்தேன். அது நோட்டரி சான்றிதழ். இந்த நாட்டில் நோட்டரி என்றால் கையெழுத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். 2,800 டாலரையும் ரொக்கமாகக் கேட்டார், கொடுத்தோம். ரசீதில் 'மொழிபெயர்ப்புக் கட்டணம்' என்று இருந்தது.

"ஒரே நாள்ல நாலு டிரெஸ் மாத்தி போட்டோ எடுத்துட்டு வாங்க, ஆபீசர் நம்பணும்ல" என்று அவர் சொன்னபோதே எழுந்து வந்திருக்க வேண்டும். எங்களிடம் மூன்று வருடப் படங்கள் இருந்தன. வீட்டு வாடகை ஒப்பந்தத்திலும் வங்கிக் கணக்கிலும் இரண்டு பேர் பெயரும் இருந்தது. உண்மையான கல்யாணத்துக்கு எதற்குப் பொய்ப் படம்? குடியேற்றத்துக்காகப் போலிக் கல்யாணம் செய்தால் ஐந்து வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அந்தச் சந்தேகத்தை எங்கள் ஃபைலில் அவரே கொண்டுவந்து வைக்கப் பார்த்தார். படம் எடுக்க மறுத்தோம். ஆனால் அவரை விட்டு விலகவில்லை, அதுதான் மனதைக் குடைகிறது.

பிப்ரவரியில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். கணவர் எனக்காகப் போடும் மனுவான ஐ-130க்கு 675, என் கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485க்கு 1,440, வேலை அனுமதிக்கு 260 டாலர் என்று மூன்று காசோலைகள் தந்திருந்தோம். மார்ச் முடிந்தும் கணக்கிலிருந்து ஒரு டாலர் கழியவில்லை. போன் செய்தால், "இப்ப எல்லாமே ஸ்லோ." ரசீது எண் கேட்டால், "வரும்மா, அவசரப்படாதீங்க." அப்புறம் எடுப்பதே இல்லை. ஒருநாள் எடுத்த பெண், "சார் இந்தியா போயிருக்காங்க" என்றாள். பின்னால் அவர் குரல் கேட்டது!

நேற்று நேரில் போனோம். அவர் இல்லை. முன்மேசைப் பையன் ஒரு தடித்த உறையை எடுத்துக் கொடுத்தான். பிரித்த உறை. எங்கள் விண்ணப்பம் முழுசாகத் திரும்பி வந்து ஏழு வாரம் ஆகியிருக்கிறது. கடிதங்கள் வரும் முகவரி என்று தன் அலுவலகத்தையே போட்டிருக்கிறார், அதனால் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. காரணம், ஐ-693 மருத்துவப் பரிசோதனைப் படிவம் இல்லை. "அதை இன்டர்வியூவுக்கு எடுத்துட்டுப் போனா போதும்" என்று சொன்னவர் அவர். 2024 டிசம்பர் 2 முதல் அதை ஐ-485 உடனேயே வைக்க வேண்டும் என்று விதி மாறிவிட்டது. படிவத்தில் தயாரித்தவர் கையெழுத்திட வேண்டிய இடமும் காலி.

என் ஓபிடி மார்ச்சில் முடிந்துவிட்டது. வேலை இல்லை. ஊரில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், இந்த நிலையில் வெளியே போனால் திரும்பி வருவதே சிக்கல். இரவு ஒரு வழியாக போனை எடுத்து அவர் சொன்னது: "நான் ஃபார்ம் மட்டும்தாம்மா நிரப்பினேன், ரசீதைப் பாருங்க." 2,800 டாலர்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனசு இல்லை. வக்கீல் அல்லது அமெரிக்க அரசின் நீதித்துறை (Department of Justice) அங்கீகரித்த பிரதிநிதி தவிர யாரும் சட்ட ஆலோசனை தரக்கூடாது, பெயரைக் கேட்டு வக்கீல்கள் அல்லது பிரதிநிதிகள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். படிவங்கள் அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் இலவசம். தபால் முகவரி உங்கள் வீடாகவே இருக்கட்டும். ரொக்கம் வேண்டாம். விண்ணப்பக் கட்டணம் கணக்கிலிருந்து கழியவில்லையா, அன்றைக்கே விசாரியுங்கள்.

நாளை காலை ஒரு வக்கீலைப் பார்க்கிறோம். ஓபிடி முடிந்தபின் இங்கே தங்க அனுமதியுள்ள 60 நாளில் இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி.