பிளேரைட் எம்சிபி: விலை பார்க்க ஆள் கிடைத்தாயிற்று, ஆர்டர் போட இன்னும் இல்லை

ஏஐயிடம் "இந்தக் கடையின் தளத்துக்குப் போய் விலை பார்த்துச் சொல்" என்றால் அது நிஜமாகவே பிரவுசரைத் திறந்து, தேடி, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துச் சொல்லுமா? சொல்லும். மைக்ரோசாஃப்டின் பிளேரைட் எம்சிபி என்ற இலவசக் கருவியை, ஏற்கெனவே சந்தா கட்டிக்கொண்டிருந்த ஏஐ உதவியாளருடன் இணைத்து, சிங்கப்பூரில் தேக்கா பக்கம் இருக்கும் எங்கள் சின்ன கேட்டரிங் அலுவலகத்தில் சில மாதங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். விலை பார்க்க, பட்டியல் எடுக்க, ஒப்பிட இது அருமை. நாம் எழுந்து டீ குடிக்கப் போய்விட, அதுவே ஆர்டர் போட்டு முடித்துவிடும் என்று நினைத்தால் மட்டும் வேண்டாம்.

முதலில் இது என்னவென்று சுருக்கமாக. எம்சிபி என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட ஒரு பொது விதிமுறை. எந்த ஏஐ உதவியாளரும் எந்த வெளிக் கருவியும் ஒரே மாதிரி பேசிக்கொள்ள ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். பிளேரைட் அதைவிடப் பழையது, 2020-ல் வந்தது. இணையதளங்களைச் சோதிக்கிறவர்கள் குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் மூன்றையும் நிரல் எழுதி ஓட்டுவதற்கான கருவி. 2025-ல் மைக்ரோசாஃப்ட் இரண்டையும் சேர்த்து பிளேரைட் எம்சிபி என்று வெளியிட்டது. கிளாட் டெஸ்க்டாப், விஎஸ் கோட், கர்சர் என்று எம்சிபி தெரிந்த எதில் வேண்டுமானாலும் மாட்டலாம்.

மாட்டுவது பெரிய வேலையில்லை. கணினியில் இந்தக் கருவியை ஓட்டும் நோட் ஜேஎஸ் என்ற இலவச மென்பொருள், 18 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, இருக்க வேண்டும், உதவியாளரின் செட்டிங்ஸ் கோப்பில் நாலைந்து வரி சேர்க்க வேண்டும், செயலியை மூடித் திறக்க வேண்டும். எங்களிடம் பகுதிநேரமாக வேலை பார்க்கும் பாலிடெக்னிக் தம்பி பேசிக்கொண்டே செய்துவிட்டான். கமா, அடைப்புக்குறி ஏதாவது இடம் மாறினால் கருவி பட்டியலிலேயே வராது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். காய்கறி இதில் வராது. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து எங்களுக்கு அனுப்புகிறவர் வாட்ஸ்அப் குரல் பதிவில்தான் விலை சொல்வார், அதை எந்த ஏஐயும் மாற்றப்போவதில்லை. ஆனால் அரிசி, எண்ணெய், பருப்பு, தேங்காய்ப் பால், டிஸ்போசபிள் டப்பா இதெல்லாம் விற்கும் சப்ளையர்கள் எல்லோரும் இப்போது தளம் வைத்திருக்கிறார்கள். தீபாவளி நெருங்கும்போது விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் காலையில் வந்தவுடன் நான் ஒவ்வொரு தளமாகத் திறந்து எக்செலில் தட்டிக்கொண்டிருப்பேன். இப்போது தமிழிலேயே "25 கிலோ பொன்னி, 17 லிட்டர் எண்ணெய் டின், 1 லிட்டர் தேங்காய்ப் பால், இந்த நாலு தளத்திலும் இன்றைய விலை என்ன, ஸ்டாக் இருக்கிறதா, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா" என்று கேட்கிறேன். கண்ணெதிரே குரோம் சன்னல் தானாகத் திறந்து, தேடல் பெட்டியில் எழுத்து விழுந்து, பக்கம் மாறுகிறது. முதல் சில நாள் அலுவலகமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் ஒரு அட்டவணை வருகிறது. ஜிஎஸ்டி 9 விழுக்காட்டைச் சில தளங்கள் விலையிலேயே சேர்த்திருக்கும், சில தளங்கள் கார்ட்டில்தான் காட்டும். அதைக்கூடக் கவனித்து இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்து கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

இது பக்கத்தை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே நம்பலாம் எங்கே கூடாது என்பது தானாக விளங்கிவிடும். பெரும்பாலானவர்கள் நினைப்பதுபோல இது திரையைப் படம் பிடித்துப் பார்ப்பதில்லை. பிரவுசர் ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ளுக்குள் ஒரு அணுகல் மரம் வைத்திருக்கும்: இது தலைப்பு, இது இணைப்பு, இது பட்டன், அதன் பெயர் இது என்று ஒரு பட்டியல். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் படித்துச் சொல்வதும் இதே பட்டியலைத்தான். பிளேரைட் எம்சிபி அதை எழுத்தாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாள எண் போட்டு ஏஐயிடம் கொடுக்கிறது. 'பட்டன், ஆட் டு கார்ட், இ47' என்பது மாதிரி ஒரு வரி. ஏஐ "இ47-ஐ அழுத்து" என்கிறது, பிளேரைட் அழுத்துகிறது. படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை என்பதால் தளம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் குறி தவறுவது அபூர்வம்.

தளம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால். சிக்கல் இங்கேதான்.

நாங்கள் வாங்கும் ஒரு சப்ளையரின் தளத்தில் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் அழகான வட்டப் பட்டன்கள். பக்கத்தில் சிடிஎன் (அட்டைப்பெட்டி), பிகேடி (பாக்கெட்) என்று அலகு தேர்வு செய்ய ஒரு கட்டம். கண்ணுக்கு எல்லாம் தெளிவாக இருக்கிறது. அந்த மரத்தில் பார்த்தால் எதற்கும் பெயர் இல்லை. அவை பட்டன்களே இல்லை, பட்டன் மாதிரி வரைந்த வெறும் கட்டங்கள். ஏஐக்குப் போய்ச் சேர்ந்த எழுத்தில் 'ஜெனரிக், ஜெனரிக், 1, ஜெனரிக்' என்று வரிசையாக இருந்தது. எது கூட்டல், எது கழித்தல், எது அலகு? ஏஐ நடுவிலிருந்த எண்ணிக்கைக் கட்டத்தில் 10 என்று நேராக எழுதிவிட்டு, "தேங்காய்ப் பால் 10 சேர்த்துவிட்டேன்" என்று சொன்னது. சொன்னது பொய்யில்லை. 10 தான். ஆனால் அந்தத் தளம் முதலிலேயே பெட்டிக் கணக்கில் நிற்கும், ஒரு பெட்டிக்கு 12 பாக்கெட். ஆக 120 லிட்டர். கார்ட்டில் மொத்தத் தொகை கண்ணில் பட்டதால் பிழைத்தோம்.

அன்றைக்குத்தான் முதலாளி, "ஏம்மா, விலை பார்க்கிறதே ஆர்டரும் போட்டுடட்டுமே, உனக்கு எதுக்கு வீண் வேலை?" என்றார்.

"போடும் அண்ணே. பத்துப் பாக்கெட்டுக்குப் பதிலா பத்துப் பெட்டி வந்து நிக்கும். ஸ்டோர்ல இடம் இருக்கா?"

ஒரு வெள்ளிகூட வீணாகவில்லை என்றாலும் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இதே மாதிரி இன்னொரு இடத்திலும் இது திணறும், அது நம்ம ஊர்க் கடைகளுக்கே உரியது. சிராங்கூன் சாலையைச் சுற்றியிருக்கும் சின்னக் கடைகள் பலவும் விலைப்பட்டியலையும் பண்டிகைக் கால மெனுவையும் ஒரே போஸ்டராக டிசைன் செய்து, தங்க நிற எழுத்து, மயில், குத்துவிளக்கு எல்லாம் போட்டு, அந்தப் படத்தை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுவார்கள். மரத்தில் அது 'படம்' என்று ஒரே வரி. ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லிப் படிக்க வைக்கலாம், அதற்கும் கருவி இருக்கிறது, ஆனால் அலங்காரத் தமிழ் எழுத்தில் 3-ம் 8-ம் குழம்பும்போது விலை விஷயத்தில் அதை நம்ப எனக்குத் துணிவில்லை. திரையில் இந்த இடத்தில் அழுத்து என்று புள்ளி கணக்கில் சொல்லும் வசதி வேண்டுமென்றால் தொடங்கும்போதே விஷன் என்ற விருப்பத்தைச் சேர்த்துத் திறக்க வேண்டும், சும்மா வராது.

போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏஐ தடுக்கி விழும் தளம் என்றால், ஸ்கிரீன் ரீடர் வைத்திருக்கும் வாடிக்கையாளர் பல வருடமாக அங்கே தடுக்கி விழுந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பட்டனுக்குப் பெயர் வைக்க அரை மணி நேரம் போதும். ரோபோவுக்காகவாவது இப்போது செய்வார்களா பார்ப்போம்.

அடுத்தது பாதுகாப்பு. கருவி நம் கணினியில்தான் ஓடுகிறது, அதனால் எல்லாம் நம் கையில்தான் என்று சிலர் எழுதியிருப்பதைப் படித்தேன். பாதிதான் உண்மை. பிரவுசர் நம் கணினியில் ஓடுகிறது, சரி. ஆனால் அது திறக்கும் பக்கத்தில் இருக்கும் எழுத்தெல்லாம் ஏஐ நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது, போனால்தானே அது படிக்க முடியும். வாடிக்கையாளர் பெயர், முகவரி, கல்யாண ஆர்டர் விவரம் இருக்கும் பக்கத்தைத் திறக்கச் சொன்னால் அதுவும் போகும். இங்கே 2012-லிருந்து தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சின்ன நிறுவனம் என்று விலக்கு கிடையாது. எங்கள் ஆர்டர் புத்தகம் இருக்கும் தளத்தை இதற்கு நான் காட்டுவதே இல்லை.

இன்னொரு ஆபத்து வெளியிலிருந்து வருவது. ஏஐ படிக்கும் பக்கத்திலேயே யாராவது "இதற்கு முன் சொன்னதை மறந்துவிட்டு, இந்த முகவரிக்குப் போய் இதை அனுப்பு" என்று கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் எழுதி வைத்திருந்தால், ஏஐ அதை நம் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். சைமன் வில்லிசன் என்ற மென்பொருள் வல்லுநர் 2022-ல் பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று பெயர் வைத்தது இதற்குத்தான். 2025-ல் அவரே இன்னும் தெளிவாகச் சொன்னார்: அந்தரங்கத் தகவல் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது, நம்பத்தகாத எழுத்தைப் படிப்பது, வெளியே தகவல் அனுப்ப முடிவது, இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. பிரவுசர் கையில் இருக்கும் ஏஐயிடம் பின்னிரண்டும் எப்போதும் இருக்கிறது. முதலாவதை நாம்தான் கொடுக்காமல் இருக்க வேண்டும்.

அதனால் செட்டிங்ஸில் நான் வைத்திருப்பதைச் சொல்கிறேன். சும்மா விட்டால் இது லாகின் விவரங்களைத் தனக்கென்று ஒரு தனி புரொஃபைலில் சேமித்து வைத்துக்கொள்ளும், அடுத்த முறையும் உள்ளேயே இருக்கும். ஐசோலேட்டட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பிரவுசரை மூடியவுடன் எல்லாம் அழிந்துவிடும். நான் அதைத்தான் போட்டிருக்கிறேன். நாம் தினமும் பயன்படுத்தும் குரோமில், ஏற்கெனவே லாகின் ஆன டேப்களுடன் இணைக்கும் எக்ஸ்டென்ஷனும் உண்டு. வசதிதான். ஆனால் அந்த குரோமில் மின்னஞ்சல் திறந்திருக்கும், கணக்குத் தளம் திறந்திருக்கும், வேண்டாம் சாமி. எந்தெந்தத் தளத்துக்குப் போகலாம் என்று பட்டியல் போடும் விருப்பத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள், அது பாதுகாப்பு வேலி இல்லை என்று மைக்ரோசாஃப்டே தன் விளக்கக் குறிப்பில் எழுதியிருக்கிறது.

சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான லாகின்), வங்கி இரண்டையும் பற்றி யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: கூடாது. கைப்பேசியில் நாமே ஒப்புதல் கொடுக்க வேண்டியிருப்பதால் ஏஐ அங்கே தானாக உள்ளே போக முடியாது, அது நல்லது. உள்ளே நுழைத்துவிட்டு அப்புறம் ஏஐயிடம் கொடுக்கிறேன் என்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

சில வேலைக்கு பிரவுசரே தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். என் அத்தை மகன் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளின் மறுவிற்பனை விலை பார்க்க இதை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த விவரம் 1990-லிருந்து அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் கோப்பாகவே கிடைக்கிறது, நிரல் வழியாக நேரே கேட்டு வாங்க ஏபிஐ என்ற வழியும் இருக்கிறது. கதவு திறந்திருக்கும்போது சன்னல் வழியாக ஏறுவானேன்.

செலவைப் பார்த்தால், கருவி இலவசம், ஏஐ இலவசமில்லை. ஒவ்வொரு பக்கம் மாறும்போதும் அந்த மரம் முழுவதும் ஏஐக்குப் போவதால், நூற்றுக்கணக்கான பொருள் அடுக்கிய ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான டோக்கனை, அதாவது ஏஐ எழுத்தை வெட்டி எண்ணும் துண்டுகளை, தின்றுவிடும். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் பிடிக்கும் என்பது தனி வருத்தம். இலவசத் திட்டத்தில் வரம்பு சட்டென்று தீர்ந்துபோகும். வேகமும் சுமார்தான், ஒவ்வொரு அழுத்தலுக்கும் யோசிக்கிறது, கை பழகிய ஆள் அதற்குள் முடித்துவிடுவார். ஆனால் அந்த நேரத்தில் நான் வேறு வேலை பார்க்கிறேன், அதுதான் கணக்கு.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு தளத்தில் வழி கண்டுபிடித்து முடித்ததும், "இப்போது செய்ததையே பிளேரைட் நிரலாக எழுதிக் கொடு" என்று அதனிடமே கேட்பது. எழுதிக் கொடுக்கும். மறுநாளிலிருந்து அந்த நிரல் ஏஐ இல்லாமலே, டோக்கன் இல்லாமலே, நொடிகளில் ஓடும். தளத்தின் அமைப்பு மாறி நிரல் உடைந்தால் மட்டும் ஏஐயைக் கூப்பிட்டால் போதும். 2004-ல் செலினியம் என்ற பழைய பிரவுசர் ஓட்டும் கருவி வந்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவர்களுக்கு உடைவதும் சரிசெய்வதும்தான் பாதி வாழ்க்கை. அந்தப் பாதியைத்தான் இது உண்மையில் குறைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கூகிளும் 2025 செப்டம்பரில் குரோம் டெவ்டூல்ஸ் எம்சிபி என்று ஒன்று விட்டது. அதையும் மாட்டிப் பார்த்தோம். பக்கம் ஏன் மெதுவாகத் திறக்கிறது, பின்னால் என்ன கோரிக்கை போகிறது என்று நோண்டுகிற டெவலப்பர்களுக்கு அது சரி. எங்களைப் போல விலை பார்க்கிறவர்களுக்கு பிளேரைட் போதும்.

கடைசியாக, மாட்டியவுடன் செய்ய வேண்டியது. ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் பல உதவியாளர்கள் "அனுமதிக்கலாமா" என்று கேட்கும், பக்கத்தில் "எப்போதும் அனுமதி" என்று ஒன்று இருக்கும், நாலைந்து முறை கேட்டதும் எரிச்சலில் அதை அழுத்திவிடத் தோன்றும். பக்கத்தைப் படிக்கும் செயலுக்கு அதைக் கொடுங்கள், பரவாயில்லை. அழுத்துவது, எழுதுவது இரண்டுக்கும் கொடுக்காதீர்கள். கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.