தண்டுவடக் காயத்தின் முதல் வாரம்: ஒரு தனியார் மருத்துவமனையின் சிகிச்சை பற்றிய மதிப்புரை

இருசக்கர வாகன விபத்தில் கழுத்து முள்ளெலும்பு விலகிக் கைகால்கள் அசைவிழந்த என் மைத்துனரை 108 ஆம்புலன்ஸில் கொண்டுசென்று சேர்த்த மருத்துவமனையின் பெயரை, குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால், இங்கே தவிர்க்கிறேன்.

அறுவை சிகிச்சையில் குறையில்லை. நசுங்கிய தண்டுவடத்தின் மீதுள்ள அழுத்தத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்கினால் மீள்வதற்கான வாய்ப்பு கூடும், ஆனால் நடப்பார் என்று உறுதி தர முடியாது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்ன மருத்துவர், அன்றிரவே எலும்பை நேராக்கி பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து நிறுத்தினார். ஸ்டீராய்டு ஊசி ஏன் போடவில்லை என்று கேட்ட உறவினருக்கும், அதன் பலன் ஐயத்துக்குரியது, தொற்றும் இரைப்பை ரத்தக்கசிவும் வரக்கூடும் என்று பொறுமையாக விளக்கினார்.

ஆனால் நான் அதிக மதிப்பெண் தருவது தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத்தான். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டால் ரத்தநாளங்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் சரியும், நாடித்துடிப்பும் குறையும். அடிபட்ட இடத்துக்கு ரத்தம் போதாமல் போனால் சேதம் மேலும் பரவும். எனவே சராசரி ரத்த அழுத்தம் (மேல், கீழ் அளவுகளிலிருந்து கணக்கிடும் எண்) 85-க்குக் கீழே இறங்காதபடி, ரத்தநாளங்களைச் சுருக்கும் நார்அட்ரினலின் மருந்தைச் சிரிஞ்சு பம்பில் கூட்டியும் குறைத்தும் ஒரு வாரம் காத்தார்கள். மானிட்டரில் அந்த எண் சற்று இறங்கினாலே செவிலியர் பம்பின் அருகே வந்துவிடுவார். மூச்சை இயக்கும் உதரவிதானத் தசைக்கான நரம்பு தப்பியதால் மைத்துனர் தானே மூச்சுவிட்டார் என்றாலும், விலாத் தசைகள் செயலிழந்து இருமலுக்கு வலுவில்லாமல் போனதால், அவர் இரும முயலும் கணத்தில் பிசியோதெரபிஸ்ட் மேல்வயிற்றை அழுத்திச் சளியை வெளியேற்றியது உண்மையிலேயே கைத்தேர்ச்சி.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொருமுறை, தலையைப் பிடித்தவர் எண்ணிக்கை சொல்ல மற்ற மூவர் உடலை ஒருசேரப் புரட்டுவார்கள். இரவில் ஆள் குறைந்தபோது இது தள்ளிப்போனது. உணர்ச்சியற்ற உடலில் புண் வலிக்காது என்பதால், நோயாளி சொல்லட்டும் என்று காத்திருக்க முடியாது. பிட்டத்தில் சிவந்த தடத்தை நாங்கள் காட்டிய பிறகே காற்று மெத்தை வந்தது.

சாலை விபத்தில் காயமடைந்தோருக்காகத் தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ் முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணம் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேண்டும் என்பதை மூன்றாம் நாள் காலையில்தான் சொன்னார்கள். இந்தக் காயத்துக்கு ஒரு வாரமாவது தீவிர சிகிச்சை வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்த செய்தி அல்லவா?

மறுவாழ்வுப் பிரிவு இங்கே இல்லை. விபத்தில் தாமே கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-இல் உருவான வேலூர் சி.எம்.சி. மறுவாழ்வு நிலையத்துக்கு அழைத்துச் செல்லத் தீர்மானித்தோம். அங்கே முதலில் தேவைப்படுவது, எந்த நாளில் எந்தத் தசை எவ்வளவு அசைந்தது, எதுவரை உணர்வு இருந்தது என்ற அட்டவணை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் அது இல்லாததால் தனியே எழுதிக் கேட்டு வாங்கினோம்.