காய்ந்தாலும் அரளி அரளிதான்: உலர்புல் வாங்கி என் குதிரையை இழந்தேன்

குதிரை வளர்ப்பவர்கள் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். குதிரைக்கென்று உலர்புல் போட்டு விற்பவர்களும்தான்.

மூன்று வருடமாக ஒரே ஆளிடம்தான் உலர்புல் வாங்கி வந்தேன். பச்சை மாறாத நல்ல புல், பூஞ்சை வாடை இருக்காது. அவர் நிலத்தின் ஒரு பக்கம் முழுக்க அரளி வேலி. முதல் தடவை போனபோதே கேட்டேன். "வரப்போரம் அறுக்கவே மாட்டோம் சார்" என்றார். நம்பினேன். அப்புறம் ஒரு தடவைகூட அறுப்பு நேரத்தில் போய்ப் பார்க்கவில்லை.

அன்று இரவு ஒரே கட்டைப் பிரித்து மூன்று குதிரைகளுக்கும் போட்டேன். விடியற்காலையில் பெண்குதிரை மட்டும் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. உடம்பெல்லாம் வியர்வை, காலும் காதும் சில்லென்று இருந்தன, தண்ணீராகக் கழிந்தது. வயிற்றுவலி என்று நினைத்து, வழக்கம்போலக் கயிற்றைப் பிடித்து நடக்கவிட்டேன். அது பெரிய தவறு என்று மருத்துவர் வந்த பிறகுதான் தெரிந்தது. அரளி விஷம் இதயத்தைத்தான் தாக்கும். அந்த நிலையில் குதிரையைக் கொஞ்சமும் அலைக்கழிக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே அமைதியாக வைத்திருக்க வேண்டும்.

மருத்துவர் தாடையின் அடியில் நாடி பிடித்தார். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். இதற்கு 70-ஐத் தாண்டியிருந்தது, அதுவும் சீராக இல்லை. நாலு துடிப்பு ஓடி வரும், ஒன்று விட்டுப்போகும், மறுபடி இரண்டு வரும். என் விரலையும் அங்கே வைத்துப் பார்க்கச் சொன்னார். "என்ன தின்றது?" என்று கேட்டார். நேராகத் தீவனத் தொட்டிக்குப் போனோம்.

மிச்சமிருந்த புல்லை உதறியதும் கிடைத்தது. நீளமாக, குறுகலாக, தோல் மாதிரித் தடித்த இலை. நடுநரம்பு வெளுப்பாக எழும்பி நிற்க, அதிலிருந்து சன்னமான நரம்புகள் நெருக்கமாக இரண்டு பக்கமும் போயின. ஒரு குச்சித் துண்டில் ஒரே கணுவில் மூன்று இலைகள் இருந்தன. சந்தேகமே இல்லை, அரளி. வயிற்றில் இருக்கும் விஷத்தை உறிஞ்சக் குழாய் வழியாகக் கரிப்பொடி செலுத்தினார், இதயத் துடிப்புக்கு மருந்து கொடுத்தார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். மறுநாள் காலையில் இறந்துவிட்டது.

விற்றவரிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். "காஞ்சா விஷம் போயிடும் சார்" என்றார். அடுத்து, "என் புல்லுல கோளாறுன்னா மத்த ரெண்டும் எப்படி நல்லா இருக்கு?" என்றார். இந்த இரண்டு பதிலையும் நம்பிவிடாதீர்கள். காய்ந்தால் போவது கசப்புதான், விஷம் அப்படியே இருக்கும். பச்சை இலையைக் கசப்பால் ஒதுக்கும் குதிரை, காய்ந்த இலையைப் புல்லோடு சேர்த்து மென்றுவிடும். வளர்ந்த குதிரையைக் கொல்லப் பத்து இருபது இலைகளே போதும். புல்லில் அவை சீராகப் பரவியும் கிடக்காது. ஒரு கிளை ஒரு கட்டின் ஒரு மடிப்பில் போய் மாட்டும், அந்த மடிப்பு யார் தொட்டியில் விழுகிறதோ அதற்குத்தான் ஆபத்து.

நடந்தது என்ன என்று அவருடைய வேலையாள் பிறகு சொன்னார். அறுப்புக்கு முந்தைய வாரம் வேலியைக் கத்தரித்திருக்கிறார்கள். வெட்டிய கிளைகளை வரப்பிலேயே போட்டுவிட்டார்கள். புல் அறுத்து வயலில் காய்ந்த நாட்களில் காற்று அடித்திருக்கிறது. கிளறிவிடும் கருவி ஓரத்தில் கிடந்ததையும் உள்ளே இழுத்துவிட்டது. அவ்வளவுதான்.

உலர்புல் போடுபவர்களிடம் கேட்கிறேன்: வேலியோரம் சில அடி அகலத்துக்குப் புல்லை அப்படியே விட்டுவிடுங்கள். மரம் உயரமாக இருந்தால் இன்னும் அதிகமாக விடுங்கள். கிளறும்போது ஓரத்திலிருந்து உள்பக்கம் இழுக்காதீர்கள். கத்தரிப்பதை அறுப்பு சமயத்தில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். அறுப்பதற்கு முன் ஒரு தடவை, கட்டுவதற்கு முன் ஒரு தடவை வயலை நடந்து பாருங்கள். நடுவில் பலத்த காற்று அடித்திருந்தால் கட்டாயம் பாருங்கள். ஓரத்துப் புல்லை மாட்டுக்கோ ஆட்டுக்கோ தள்ளிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். அவற்றுக்கும் இது விஷம்தான். மஞ்சள் அரளியும் அப்படியே.

குளிர்நாடுகளில் இருப்பவர்கள் சிவப்பு மேப்பிள் மரத்தைக் கவனியுங்கள். அதன் இலை உதிர்ந்து வாடிய பிறகுதான் ஆபத்து. ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், சிறுநீர் பழுப்பாகப் போகும்.

வாங்குபவர்கள் அறுப்பு நாளில் ஒரு தடவையாவது வயலைப் போய்ப் பாருங்கள். கட்டை அப்படியே தூக்கிப் போடாமல் மடிப்பு மடிப்பாகப் பிரித்து, வெளிச்சத்தில் உதறிப் போடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மூன்று தொட்டிக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது.

மீதிக் கட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் வண்டியோடு வந்தார். பணத்தையும் தருவதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. கொடுத்தால் வேறு யாருடைய லாயத்துக்காவது போகும். அரளிப் புகையும் விஷம் என்பதால் எரிக்கவும் இல்லை. குதிரைகள் போகாத மூலையில் ஆழமாகக் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தேன்.