ஆறு மணிக்கு மேல் யார் பார்த்துக்கொள்வது? குடிச் சிகிச்சை: வார்டு, இல்லம், மாலைச் சிகிச்சை ஓர் ஒப்பீடு

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அண்ணன் காலைப் பானமான மைலோவை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதைப் பார்த்தேன். காலை ஏழரை மணி. டம்ளரின் விளிம்பு பல்லில் பட்டு டிக் டிக் என்று சத்தம் வந்தது. “நேத்து ஒம்பது மணிக்கே நிறுத்திட்டேன்டா” என்றார் பெருமையாக. அந்தக் கை நடுக்கமே அவர் மதுவை நிறுத்தியதால் வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் பத்து நாள் வீட்டில் ஒரே பேச்சுதான்: எங்கே சேர்ப்பது? அண்ணிக்கு, பக்கத்து நாட்டில் கடற்கரையோரம் இருக்கும் ஓர் இல்லத்தில் 28 நாள் விட்டுவிட்டால் போதும் என்ற நம்பிக்கை. அண்ணன், கிளினிக்கில் மாத்திரை வாங்கினால் சரியாகிவிடும் என்றார். அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: “வுட்பிரிட்ஜா?” இங்கே சிங்கப்பூரில், புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகம் என்ற மருத்துவமனையை அம்மா வயதுக்காரர்கள் இன்னும் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். 1951இல் வைத்த பெயர். மருத்துவமனை இப்போதைய இடத்துக்கு வந்தே முப்பது வருடம் தாண்டிவிட்டது, பயம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

கடைசியில் நடந்தது ஒரு கலவை. ஒரு வாரம் மருத்துவமனை வார்டு, அதற்கப்புறம் மாதக்கணக்கில் மாலை நேரச் சிகிச்சை. என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிப்பவர்கள் அந்தக் கழிவு போட்டுப் படிக்கலாம்.

சிகிச்சையில் படிநிலைகள் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அமெரிக்கப் போதைப்பழக்க மருத்துவச் சங்கம் 1991இலிருந்து ஒரு படிக்கட்டு வைத்திருக்கிறது. வாரம் ஒன்பது மணி நேரத்துக்குக் குறைவாக வந்துபோனால் அது சாதாரண வெளிநோயாளிச் சிகிச்சை. ஒன்பது முதல் பத்தொன்பது மணி வரை போனால் தீவிர வெளிநோயாளிச் சிகிச்சை. இருபதைத் தாண்டினால் ஏறக்குறைய பகல்நேர மருத்துவமனை. அதற்கு மேல் தங்கும் இல்லம், உச்சியில் மருத்துவமனைப் படுக்கை. நம் ஊரிலும் 2023 அக்டோபரில் வெளியான தேசிய மனநல உத்தி, மனநலச் சேவைகளை நான்கு அடுக்காகப் பிரித்திருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும், தேவை மாறினால் அடுக்கும் மாறும். குடும்பங்கள் இதை அப்படிப் பார்ப்பதில்லை. நாங்களும் “எது பெஸ்ட்?” என்று ஃபோன் வாங்குவதுபோலத்தான் கேட்டோம்.

முதலில் வார்டு. இதில் ஒப்பீடு செய்ய அதிகம் இல்லை. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாதது கண்ணுக்குத் தெரியும், அந்தக் கட்டத்தில் உயிரே போகலாம். அண்ணன் இரண்டாம் நாள் சாயங்காலம் போர்வையிலிருந்து எறும்பு பொறுக்கினார். ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “கீழே போட்டுடாதே, புள்ளைங்க மிதிச்சிரும்” என்றார். நானும் கையை மூடிக்கொண்டேன். தாதி வந்து பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார், நடுக்கத்தை அடக்கும் டையாஸபாம் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். வைட்டமின் பி1 ஊசியும் போட்டார்கள். அது குறைந்தால் நினைவாற்றலே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாமாம். இதையெல்லாம் வீட்டில் வைத்துச் சமாளித்திருப்போமா என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. காலையில் கை நடுங்குகிறது, முன்பு ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது என்றால், எந்த ஒப்பீடும் வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. பொது மருத்துவமனையிலும் பார்ப்பார்கள். மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவும் 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

ஆனால் வார்டு செய்வது உடம்பிலிருந்து மதுவை இறக்கும் வேலை மட்டும். அதுவே சிகிச்சை என்று நாங்கள் நினைத்ததுதான் முதல் தவறு. ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தவர் முகம் தெளிந்து, நன்றாகச் சாப்பிட்டு, “முடிஞ்சிருச்சு” என்றார். எல்லோரும் நம்பினோம். அம்மா தேக்காவுக்குப் போய் ஆட்டுக்கால் வாங்கிவந்து சூப் வைத்தார்.

கிளினிக் மட்டும் போதுமா என்பது சிறிய கேள்வி, சிறிய பதில். குடிப்பது எல்லை மீறுகிறது, ஆனால் உடம்பு இன்னும் அதற்குப் பழகவில்லை என்ற நிலையில் போதும். பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். ஆசையைக் குறைக்க நல்ட்ரெக்ஸோன், குடித்தால் குமட்டி முகம் சிவக்க வைக்கும் டைசல்ஃபிராம் என்று மாத்திரைகள் இருக்கின்றன. அண்ணனுக்கு நல்ட்ரெக்ஸோன் உதவியது, இன்னும் சாப்பிடுகிறார். மற்றபடி மாதம் ஒருமுறை இருபது நிமிடம் என்பது அவர் நிலைமைக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இல்லத்தைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நாங்கள் அதை விசாரித்தோமே தவிர அனுபவிக்கவில்லை. இரண்டு வகை இருக்கிறது. ஒன்று காசு கட்டித் தங்குவது. அண்ணி கண்டுபிடித்த கடற்கரை இல்லம் கேட்ட தொகை அண்ணனின் ஐந்து மாதச் சம்பளம். ஃபோனில் பேசியவர் நீச்சல்குளம், யோகா, சமையல்காரர் என்று அடுக்கினார். “28 நாள் முடிந்து சிங்கப்பூர் வந்ததும் யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டேன். வீடியோ அழைப்பு உண்டு என்றார். எத்தனை என்றால், நான்கு. விடுப்பு வேறு இடித்தது. வேலைவாய்ப்புச் சட்டப்படி மருத்துவமனை விடுப்பு ஆண்டுக்கு 60 நாள், சாதாரண மருத்துவ விடுப்பு 14 நாளும் அதற்குள்தான். வெளிநாட்டு உல்லாச இல்லத்தை அதற்குள் அடக்க முடியாது, சம்பளமில்லா விடுப்புதான்.

இன்னொரு வகை, இங்கேயே சமய, சமூக அமைப்புகள் நடத்தும் மறுவாழ்வு இல்லங்கள். இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆஷ்ரம், பெர்த்தாபிஸ், வீட்டுச் சாமான் மாற்றும் வேலைக்குப் பெயர்போன தி ஹெல்ப்பிங் ஹேண்ட் எல்லாம் இந்த வகை. இவற்றில் பல முக்கியமாகச் சிறையிலிருந்தோ போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ வருகிறவர்களுக்காக இயங்குபவை. என்னோடு வேலை செய்பவரின் மைத்துனர் இப்படி ஓர் இல்லத்தில் ஒன்பது மாதம் இருந்து நன்றாக வந்திருக்கிறார். அவருக்குப் போக வீடே இல்லை, இருந்த நண்பர்கள் எல்லோரும் பழைய கூட்டம். அந்த நிலையில் இல்லம்தான் சரி என்று எனக்கும் தோன்றுகிறது. காலையில் எழுப்பி, வேலை கொடுத்து, இரவு கதவைச் சாத்தும் இடம் அவருக்கு வேண்டியிருந்தது. வீட்டிலேயே இன்னொருவர் குடிக்கிறார் என்றாலும் அப்படித்தான்.

அண்ணனுக்கு வீடு இருக்கிறது. அண்ணி இருக்கிறார், இரண்டு பிள்ளைகள், ஐந்து மணிக்கு முடியும் கிடங்கு மேற்பார்வையாளர் வேலை. அவருக்குப் பிரச்சினை மாலைதான். ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தோம். காலையில் குடிப்பதில்லை. வேலையிடத்தில் குடித்ததில்லை. காப்பிக்கடையில் உட்கார்ந்து குடிக்கும் ஆளும் இல்லை. ஆறு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, புளோக்கின் கீழே இருக்கும் மினிமார்ட்டில் வாங்கிக்கொண்டு மேலே வருவார். 2015ஆம் ஆண்டு மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இரவு பத்தரைக்கு மேல் கடையில் மது வாங்கிக்கொண்டு போக முடியாது. அண்ணனுக்கு இந்தச் சட்டம் வக்கீலைவிட நன்றாகத் தெரியும், பத்து இருபதுக்குச் செருப்பு மாட்டும் சத்தம் கேட்கும் என்பார் அண்ணி. ஆக, ஒரு நாளில் ஆபத்தான நேரம் நாலரை மணி நேரம். வாரத்துக்கு முப்பத்தொன்றரை.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்கு மற்ற எல்லா ஒப்பீடும் சிறுத்துப் போயிற்று. இல்லம் அந்த முப்பத்தொன்றரையை 28 நாளுக்கு முழுதாக நிரப்பும், 29ஆம் நாள் பஸ் அதே நிறுத்தத்தில்தான் நிற்கும், மினிமார்ட் அங்கேயேதான் இருக்கும். கிளினிக் நிரப்புவது பூஜ்யம், அது பகலில். மாலைச் சிகிச்சை மட்டும்தான் அந்த நேரத்துக்குள்ளேயே, அதே மினிமார்ட்டைத் தாண்டிப் போய்வரும்படி அமைகிறது.

இங்கே தீவிர வெளிநோயாளித் திட்டத்தை ஒரே பொட்டலமாக நடத்தும் தனியார் நிலையங்கள் உண்டு. எங்களுக்கு அது எட்டவில்லை. எனவே நாங்களே தைத்தோம். செவ்வாய், வியாழன் ஆலோசகரோடு குழு அமர்வு, தலா இரண்டு மணி நேரம். புதன் தனி ஆலோசனை ஒரு மணி நேரம். வெள்ளி, ஞாயிறு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) கூட்டம். சனிக்கிழமை குடும்ப அமர்வு, அதற்கு அண்ணியும் நானும் போவோம். கூட்டினால் ஒன்பதை எட்டிவிடும். ஏஏ கூட்டத்தை மருத்துவ நேரமாக அந்த அமெரிக்கப் படிக்கட்டு கணக்கில் எடுக்காது, அது சக குடிநோயாளிகள் தாங்களே நடத்திக்கொள்வது. எங்களுக்கு அந்த நாலரை மணி நேரத்துக்குள் அவர் உட்கார ஒரு நாற்காலி இருந்தால் போதும் என்றிருந்தது. இப்படித் தைப்பவர்களுக்கு இரண்டு முகவரி: 2008இல் தொடங்கிய, மனநலக் கழகத்துக்குள்ளேயே இருக்கும் தேசியப் போதைப்பழக்கச் சிகிச்சைச் சேவை, சுருக்கமாக நாம்ஸ். அப்புறம் வீ கேர் கம்யூனிட்டி சர்வீசஸ் என்ற அறநிறுவனம்.

நான்காம் மாதம் வழுக்கிவிட்டார். ஒரு புதன்கிழமை, ஆலோசகருக்கு உடம்பு சரியில்லை என்று அமர்வு ரத்து. ஆறேகாலுக்கு மினிமார்ட். மறுநாள் வியாழன் குழு. வாசலில் ஊதிப் பார்க்கும் கருவி வைத்திருப்பார்கள், அதில் ஒன்றும் காட்டவில்லை. உட்கார்ந்ததும் அவரே சொல்லிவிட்டார். அன்றைக்கு அமர்வு முழுக்க அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றித்தான்: பஸ்ஸில் எந்த இருக்கை, இறங்கும்போது என்ன நினைத்தார், கடைக்காரர் என்ன சொன்னார். “ரொம்ப நாளா ஆளைக் காணோமே, அண்ணே” என்றாராம் கடைக்காரர், பாசமாக. அடுத்த வாரத்திலிருந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, புளோக்கின் பின்பக்கமாக நடந்து வருகிறார். மாதம் ஒருமுறை கிளினிக் என்றிருந்தால் இது தெரிய மூன்று வாரம் ஆகியிருக்கும், அதற்குள் அது பதினைந்து நிமிடமாக இருந்திருக்காது. இல்லத்தில் இருந்திருந்தால் அந்தக் கடைக்காரரை எப்படித் தாண்டுவது என்ற பாடமே வந்திருக்காது.

குறை இல்லாமல் இல்லை. இந்த வழியில் பராமரிப்புச் செலவு காசில் குறைவு, ஆளில் அதிகம். அண்ணி ஆறு மாதம் ஓவர்டைம் எடுக்கவில்லை. நான் சனிக்கிழமை கிரிக்கெட்டை விட்டேன். அப்படி இரண்டு பேர் இல்லாத குடும்பத்துக்கு இதைத் தைரியமாகச் சொல்ல மாட்டேன். காப்புறுதி விஷயத்தில் ஒன்று: நம் தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், குடிநோய்ச் சிகிச்சையை முன்பு விலக்கி வைத்திருந்தது, 2021இல் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். பழைய நினைப்பில் “அதுக்கெல்லாம் கிளெய்ம் கிடையாது” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாமல், பில் பிரிவில் கேளுங்கள்.

நான் எழுதியது மதுவுக்கு, அதுவும் ஒரே ஒருவரை வைத்து. போதைப்பொருளுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே சட்டமே வேறு, ஒருவர் போதைப்பொருளுக்கு அடிமை என்று சந்தேகித்தால் டாக்டர் ஏழு நாளுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். குரல் கேட்பது, கடும் மனச்சோர்வு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் என்று கூடவே இருந்தாலும் என் கணக்கு செல்லாது, அவர்களுக்கு மேல் அடுக்குதான் முதலில். அப்படிப்பட்ட நேரத்தில் நோயாளி மறுத்தாலும், தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் டாக்டர் கையெழுத்தில் 72 மணி நேரம் மனநலக் கழகத்தில் வைத்துப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. யாரைக் கேட்பது என்றே தெரியாதவர்களுக்கு 1771 என்ற தேசிய மனநல எண் இருக்கிறது, நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

பதினோரு மாதம் ஆகிறது. ஒன்பது மணி நேரம் இப்போது நாலாகக் குறைந்திருக்கிறது, ஆலோசகர் சொல்லித்தான். திங்கட்கிழமை மட்டும் தொடக்கத்திலிருந்தே எதுவும் கிடைக்காமல் காலியாக இருந்தது. அன்றைக்கு ஆறு மணிக்கு நான் அவருடைய பஸ் நிறுத்தத்தில் நிற்பேன், முன்னால் இருக்கும் அந்த நிறுத்தத்தில். இரண்டு பேரும் பார்க் கனெக்டரில் நடப்போம். போன திங்கள் மழை. குடையோடு நின்றேன். இறங்கியவர் என்னைப் பார்த்து, “மழையில எவன்டா வருவான்?” என்று திட்டிவிட்டு, குடையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.