280 ரூபாய் கேபிள் டெஸ்டர்: மாடி அறைக் கணினிக்கு இணையம் திரும்பிய கதையோடு ஒரு மதிப்புரை

சென்னை ரிச்சி தெருவில் 280 ரூபாய் கொடுத்து வாங்கிய, மேலே எந்த நிறுவனத்தின் பெயரும் அச்சிடப்படாத லேன் கேபிள் டெஸ்டர் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. கேபிளின் உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் போய்ச் சேருகின்றனவா என்ற ஒரே ஒரு கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் நான்கு நாட்கள் அலைந்தவன் என்ற முறையில், கொடுத்த காசுக்கு அது தகும் என்றே சொல்வேன். ஆனால் அதன் பதிலை முழுதாக நம்பி ஒரு முறை ஏமாந்தும் இருக்கிறேன்.

எங்கள் வீட்டில் மோடம் கீழே கூடத்தில் இருக்கிறது. கணினி மாடி அறையில் இருக்கிறது. கணினியில் வைஃபை வசதி கிடையாது. ஆகவே கூடத்திலிருந்து சன்னல் வழியே வெளியேறி, சன்ஷேடின் ஓரமாக ஏறி, மாடிக்கு வரும் ஏறத்தாழ 20 மீட்டர் கேபிள் ஒன்றின் வழியாகத்தான் பல ஆண்டுகளாக அதற்கு இணையம் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் திடீரென்று அது நின்றுபோனது. கைபேசிகளுக்கு வைஃபை வழக்கம்போல் கிடைத்தது, தொலைக்காட்சியில் படம் ஓடியது, கணினி மட்டும் கேபிளே செருகப்படவில்லை என்று சாதித்தது.

டெஸ்டரைத் தேடிப் போவதற்கு முன் காசு செலவில்லாமல் செய்துபார்க்க வேண்டியவை சில உண்டு. மோடத்தில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வரும் ஃபைபரில்தான் கோளாறு. இணைப்பு கொடுத்தவர்களை அழைப்பதைத் தவிர நம்மால் ஆவது ஒன்றுமில்லை. அது எரியவில்லை, கைபேசிக்கும் இணையம் கிடைக்கிறது என்றால் மோடம் வரை எல்லாம் சரியாக இருக்கிறது. அடுத்து, விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளையைக் கொடுத்தால், நோய் எந்த இடத்தில் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். முகவரி, அதாவது வலையமைப்பில் கணினிக்குத் தரப்படும் எண், 169.254 என்று தொடங்கினால், கணினி மோடத்திடம் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். 192.168 என்பதுபோல் ஒழுங்கான முகவரி இருந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால், 8.8.8.8 என்ற முகவரிக்கு 'பிங்' (மறுபக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்து பதில் வந்தால் இணையம் வந்துவிட்டது, தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பிலோ, இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும்படி ஏதோ ஒரு மென்பொருள் விட்டுச்சென்ற பிராக்ஸி அமைப்பிலோதான் சிக்கல். கடைசியாகச் சொன்ன வகைக்கு இந்தக் கருவியால் எந்தப் பயனும் இல்லை.

என் திரையில் வந்தது 'மீடியா டிஸ்கனெக்டட்' என்ற வரி. அதாவது முகவரி கேட்கும் கட்டத்துக்கே கணினி போகவில்லை. மறுமுனையில் ஒரு சாதனம் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. அப்படியானால் கேபிள் போயிருக்க வேண்டும், அல்லது கணினியில் கேபிளைச் செருகும் லேன் போர்ட் போயிருக்க வேண்டும்.

கணினி பழுது பார்க்கும் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தேன். அவர் தம்முடைய பழைய மடிக்கணினியை எடுத்து, அதே கேபிளை அதில் செருகினார். உடனே இணையம் வந்தது. "கேபிள் நல்லா இருக்கு சார், உங்க மதர்போர்டுல போர்ட் அடிபட்டிருக்கு, தனியா ஒரு லேன் கார்டு போட்டுடலாம்" என்றார். அவர் கண்முன்னால் காட்டியதை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் போன பிறகு, கணினியைக் கீழே தூக்கிச் சென்று, மோடத்துடன் வந்த ஒரு மீட்டர் கேபிளால் நேரடியாக இணைத்துப் பார்த்தேன். இணையம் தங்குதடையின்றி வந்தது. போர்ட் நன்றாக இருக்கிறது, கேபிளும் நன்றாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் மட்டும் வேலை செய்யவில்லை. மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போனது இந்தக் குழப்பத்தோடுதான்.

கருவி கைக்கு அடக்கமானது. ஒன்றோடொன்று பொருத்தி வைக்கக்கூடிய இரண்டு பகுதிகள் அதில் உண்டு: பேட்டரியும் சுவிட்சும் உள்ள தாய்ப் பகுதி ஒன்று, கேபிளின் மறுமுனையில் மாட்டுவதற்கான சிறிய பகுதி ஒன்று. இரண்டிலும் 1 முதல் 8 வரை எண்ணிட்ட விளக்குகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்பதாவதாக 'ஜி' என்ற விளக்கு, உலோக உறையுள்ள கேபிளுக்கு மட்டும் எரியும் என்பதால் வீட்டுக் கேபிளில் அது எரியாததைக் கண்டு பதற வேண்டியதில்லை. தொலைபேசிக் கம்பியைச் சோதிக்கவும் ஒரு துளை இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். பேட்டரி மூடி தொட்டால் கழன்று விழும் ரகம். வேலைப்பாட்டைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் முறை பயன்படுத்தியபோதே ஒரு தவறு செய்தேன். கேபிளை மோடத்திலிருந்து கழற்றி, சிறிய பகுதியைக் கூடத்தில் மாட்டிவிட்டு, மாடியில் தாய்ப் பகுதியை இயக்கினேன். விளக்குகள் ஒன்று முதல் எட்டு வரை ஒழுங்காக ஓடின. கேபிள் சரி என்று முடிவு கட்டி, பழுது பார்த்தவரைத் தவறாக நினைத்துவிட்டோமே என்று வருந்தவும் செய்தேன். நான் வாங்கிய கருவியில் தாய்ப் பகுதியின் விளக்குகள் கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பது, கேபிளைக் கழற்றிய பின்னும் அவை ஓடுவதைக் கண்டபோதுதான் புரிந்தது. உண்மையைச் சொல்வது மறுமுனையில் இருக்கும் சிறிய பகுதி. கூடத்துக்கு இறங்கி, பகல் வெளிச்சத்தில் விளக்கு மங்கலாகத் தெரிந்ததால் கையைக் குவித்து மறைத்துக்கொண்டு பார்த்தேன். 1 எரிந்தது, 2 எரிந்தது, 3 எரிந்தது, பிறகு இரண்டு துடிப்பு நேரம் இருட்டு, 6 எரிந்தது, மறுபடியும் இருட்டு. 4, 5, 7, 8 ஆகிய நான்கும் எரியவே இல்லை.

அதன் பிறகு மற்றவை ஒவ்வொன்றாக விளங்கின. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஓடும் லேன் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். 1 கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். வீட்டில் முன்பு இருந்த மோடத்தின் போர்ட் 100 மெகாபிட் வகை. இணையம் நின்ற நாளன்று காலையில்தான் திட்டத்தை உயர்த்தியதற்காக அதை எடுத்துவிட்டுப் புதிய கிகாபிட் மோடத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இந்த இரண்டையும் நான் சேர்த்து நினைக்கவே இல்லை. என் கணினியின் போர்ட்டும் கிகாபிட் வகை. எந்த வேகத்தில் பேசுவது என்ற உடன்பாட்டை இரு சாதனங்களும் 1, 2, 3, 6 ஆகிய அந்த நான்கு கம்பிகளிலேயே செய்துகொள்வதால், கிகாபிட் என்று ஒப்புக்கொண்டு, பிறகு எட்டுக் கம்பிகளிலும் பேச முயன்று, பாதி இல்லாமல் தோற்று, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தன. சில சாதனங்கள் இப்படித் தோற்றால் தாமே 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். என் வீட்டில் அது நடக்கவில்லை. பழுது பார்க்க வந்தவரின் பழைய மடிக்கணினியில் இருந்தது 100 மெகாபிட் போர்ட். அதனால்தான் அதில் இணையம் வந்தது. அவர் ஏமாற்றவில்லை, அவருடைய சோதனைதான் அவரை ஏமாற்றியது.

கேபிளின் முனையில் இருந்த பிளக்கை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக்கின் உள்ளே நான்கு கம்பிகள் மட்டுமே முன்னால் உலோகப் பற்கள் வரை நீண்டிருந்தன. மற்ற நான்கையும் அன்றைக்கு இணைப்பு கொடுத்தவர் குட்டையாக நறுக்கிப் பின்னால் மடித்து விட்டிருந்தார். கண்ணை மட்டும் சரியாகப் பயன்படுத்தியிருந்தால் 280 ரூபாய் மிச்சமாகியிருக்கும். ஆனால் எதைப் பார்ப்பது என்று சொன்னதே அந்த விளக்குகள்தானே.

உடனடியாக வேலை நடக்க வேண்டும் என்றால் கேபிளைத் தொடாமலே ஒரு வழி உண்டு. டிவைஸ் மேனேஜரில் லேன் அடாப்டரின் பண்புகளைத் திறந்து, 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' என்பதை '100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று மாற்றினேன். சில நொடிகளில் இணையம் வந்துவிட்டது. ஆனால் வேகத்துக்காகத் திட்டத்தை உயர்த்திவிட்டு 100இல் கட்டிப்போடுவதில் பொருளில்லை. ஆகவே பிளக்கைக் கேபிளின் முனையில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவியும் பிளக்குகளும் வாங்கி, இரண்டு முனைகளையும் நானே வெட்டிப் புதிதாகப் போட்டேன்.

டெஸ்டர் என்னைக் கைவிட்டது இங்கேதான். எந்த வரிசையாக இருந்தால் என்ன, இரு முனையிலும் ஒன்றாக இருந்தால் போதும் என்று எண்ணி, ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அடுத்தடுத்து வைத்து அழுத்திவிட்டேன். டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசை பிசகாமல் எரிந்தன. கணினியும் இணைந்தது. ஆனால் பெரிய கோப்பை இறக்கினால் பாதியில் நின்றது. காணொளி அழைப்பில் குரல் வெட்டி வெட்டி வந்தது. சிசிடிவி பொருத்தும் வேலை செய்யும் சித்தி மகனைத் தொலைபேசியில் அழைத்து, வண்ண வரிசையைச் சொன்னேன். "அண்ணே, பச்சை ரெண்டுக்கும் நடுவுல நீலம் ரெண்டும் வரணும். நீங்க ஜோடியைப் பிரிச்சுட்டீங்க" என்றான்.

அவன் சொன்ன முறைக்கு டி568பி என்று பெயர்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. மூன்றாவது கம்பியும் ஆறாவது கம்பியும் ஒரே முறுக்கின் இரண்டு இழைகளாக இருக்க வேண்டும். ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருப்பதால்தான் அவை பக்கத்து ஜோடியின் குறுக்கீட்டைத் தவிர்க்கின்றன. நான் போட்ட வரிசையில் வெள்ளைப் பச்சையும் நீலமும் ஜோடியாகிவிட்டன. மின்சாரம் போய்ச் சேருகிறதா என்று மட்டும் பார்க்கும் இந்தக் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. பிளக்குகளை வெட்டி எறிந்துவிட்டு முறைப்படி மறுபடி போட்டபின், இணைப்பு வேகம் 1 கிகாபிட் என்று கணினியே காட்டியது, அழைப்பும் சீரானது.

கம்பி எந்த இடத்தில் அறுந்திருக்கிறது, கேபிளின் நீளம் எவ்வளவு என்பதையும் இது சொல்லாது. சன்ஷேடில் அணில் கடித்திருந்தால் கடித்த இடத்தை நாம்தான் தேட வேண்டும். முக்கியமான எச்சரிக்கை ஒன்று: கேபிளின் இரண்டு முனைகளையும் சாதனங்களிலிருந்து கழற்றிய பிறகே இதை மாட்ட வேண்டும். சிசிடிவி கேமராக்களுக்கு லேன் கேபிள் வழியாகவே 48 வோல்ட் அளவில் மின்சாரம் போவதுண்டு; அப்படிப்பட்ட கேபிளில் தெரியாமல் மாட்டினால் கருவி எரிந்துபோகக்கூடும்.

மோடத்துக்குப் பக்கத்திலேயே கணினி வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்; கடையில் கிடைக்கும் ஆயத்த கேபிள் ஒன்றை மாற்றிப் பார்ப்பதே அவர்களுக்குப் போதுமான சோதனை. சுவருக்குள்ளும் சுவருக்கு வெளியிலும் நீண்ட கேபிள் இழுத்திருப்பவர்களுக்கும், முனைகளைத் தாமே போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இது உதவும். வாங்கினால் கிரிம்பிங் கருவியையும் சேர்த்தே வாங்குவது நல்லது. கோளாறு இன்னதென்று தெரிந்த பிறகு அதற்காக இன்னொரு முறை ரிச்சி தெருவுக்குப் போய் வந்தேன்.

தானாக அணையும் வசதி இதில் இல்லை. சுவிட்சை அணைக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டதில் முதல் பேட்டரி ஒரே வாரத்தில் தீர்ந்தது. இப்போது பேட்டரியைக் கழற்றித் தனியாகத்தான் வைக்கிறேன். அந்த மூடி தொட்டால் கழன்று விழுவது இதற்கு மட்டும் வசதியாக இருக்கிறது.