ஊட்டிக் குளிருக்கு எந்த கீசர் தாங்கும்?

கீசர் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் எத்தனை பேர் என்பது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மாட்டப்போகிறவர் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, குழாயில் வரும் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கிறது என்பதை. சென்னையில் மாடித் தொட்டித் தண்ணீர் சாதாரணமாகவே 28 டிகிரி. ஊட்டியில் மார்கழி விடியற்காலையில் அது 10, 12 டிகிரிக்கு இறங்கிவிடும். குளிக்க 40 டிகிரி போதும் என்று வைத்துக்கொண்டால், சென்னையில் 12 டிகிரி ஏற்றினால் வேலை முடிந்தது. ஊட்டியில் 28 டிகிரி ஏற்ற வேண்டும். கீழே நல்ல பெயர் எடுத்த மாடல் மலையேறி வந்து மானம் இழப்பது இதனால்தான்.

முதலில் அடி வாங்குவது 3 லிட்டர் இன்ஸ்டன்ட். விலை குறைவு, இடம் அடைக்காது, போட்டவுடன் சுடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதிலுள்ள 3 கிலோவாட் காயில் (சூடாக்கும் கம்பிச்சுருள்) 12 டிகிரித் தண்ணீரை 40-க்கு ஏற்றினால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தரும். 18 லிட்டர் வாளி நிரம்ப 12 நிமிடம் ஆகும், அதற்குள் முதலில் விழுந்தது ஆறத் தொடங்கிவிடும். பொறுமை இழந்து குழாயைப் பெரிதாகத் திறந்தால் வெதுவெதுப்பு கூட மிஞ்சாது. ஷவர் பேச்சே வேண்டாம். சமையலறை சிங்க்குக்கு வைத்துக்கொள்ளலாம். கூடலூர், பந்தலூர் போலத் தாழ்ந்த பகுதிகளில் குளியலுக்கும் ஒருவாறு சமாளிக்கும்.

ஆக, தண்ணீரை டேங்கில் தேக்கிச் சூடாக்கும் ஸ்டோரேஜ்தான். எத்தனை லிட்டர்? 15 லிட்டர் டேங்கை 60 டிகிரிக்குச் சூடாக்கிப் பச்சைத் தண்ணீர் கலந்தால், கணக்குப்படி சென்னையில் 40 லிட்டர் குளியல் தண்ணீர் கிடைக்கும். ஊட்டியில் 25 லிட்டர். வெந்நீர் வெளியே போகப் போக உள்ளே குளிர்ந்த நீர் புகுந்து கலப்பதால், கைக்கு வருவது 20 லிட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒரு வாளியும் இரண்டு சொம்பும். ஒருவர் குளித்து முடித்ததும் அடுத்தவர் அரைமணி நேரம் காத்திருக்கலாம் என்றால் 15 போதும். நாலு பேர் அடுத்தடுத்துப் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் வீட்டுக்கு 25 லிட்டர் வாங்குவதே சரி.

அந்த அரைமணி நேரம் வோல்டேஜ் ஒழுங்காக இருந்தால்தான். 2 கிலோவாட் காயில் 230 வோல்ட்டில் 15 லிட்டரை 25 நிமிடத்தில் 60-க்குக் கொண்டுவரும். லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில், எல்லாரும் ஹீட்டர் போடும் காலை நேரத்தில் 180 வோல்ட் வந்தால், அதே காயில் 1.2 கிலோவாட்தான் இழுக்கும். 40 நிமிடம் ஆகும். இதைக் காட்டி ஸ்டெபிலைசர் விற்கப் பார்ப்பார்கள். தேவையில்லை. குறைந்த வோல்டேஜில் காயில் கெடாது, தாமதமாகும், அவ்வளவே. வோல்டேஜ் ஏறி இறங்கினால் முதலில் போவது டிஸ்பிளேயும் வைஃபையும் வைத்த மாடலின் எலக்ட்ரானிக் போர்டுதான். போர்வைக்குள் இருந்தபடி போனில் கீசரைப் போடுவது சுகம்தான். ஆனால் திருகும் தெர்மோஸ்டாட் வைத்த சாதா மாடல் இந்த லைனுக்கு நீண்ட நாள் உழைக்கும்.

வயரிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். 2 கிலோவாட் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் 13. பழைய வீட்டின் 6 ஆம்பியர் பாயின்ட்டில் அடாப்டர் போட்டுச் செருகினால் பிளக் கருகும். 16 ஆம்பியர் பாயின்ட்டுக்குத் தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஒழுங்கான எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்), நான்கும் வேண்டும். பாசி படிந்த ஈரச்சுவரில் எர்த் இல்லாமல் கீசர் ஓட்டுவது விளையாட்டில்லை.

ஸ்டார் லேபிளைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். ஐந்து ஸ்டார் என்றால் சீக்கிரம் சுடும் என்று பொருளில்லை. சூடான தண்ணீர் சும்மா நிற்கும்போது ஒரு நாளில் எத்தனை யூனிட் வீணாகிறது என்பதைத்தான் அது சொல்கிறது, அதுவும் 45 டிகிரி வித்தியாசத்துக்கு. சமவெளிக் குளியலறையில் அவ்வளவு வித்தியாசம் வராது. 12 டிகிரிக் குளியலறையில் லேபிள் எண் அப்படியே நிஜமாகும். அதனால் ஸ்டாருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இங்கே சீக்கிரம் திரும்பும். குளிப்பதற்கு அரைமணி முன் போட்டு, குளித்ததும் அணைக்கிற வீட்டுக்கு மூன்று ஸ்டாரே போதும்.

இப்போது பில். நாலு பேர், ஆளுக்கு ஒரு வாளி என்றால் நாளைக்கு இரண்டரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 150. சென்னைக் குடும்பத்துக்கு அதே குளியல் 65 யூனிட். 2024 கட்டணத்தில் இருந்த 100 யூனிட் இலவசம் அங்கே குளியலை மூடிவிட்டு மிச்சமும் வைத்தது. இங்கே குளியலுக்கே பற்றவில்லை. மலைக்குத் தனி ஸ்லாப் கேட்டால் நியாயம்தான், என்றாலும் ஃபேனும் ஏசியும் ஓடாத ஊர் என்பதையும் மறந்துவிட்டுப் பேச முடியாது. கவனிக்க வேண்டியது 500 யூனிட் கோடு. 2024 ஜூலைக் கட்டணப்படி 400 வரை யூனிட் 4.80 ரூபாய், 501-இலிருந்து 8.55. கோட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாபில் கிடைத்த சலுகையும் கைவிட்டுப் போகும். ஒரு வாளி வெந்நீர் மூன்று ரூபாயாக இருப்பதும் ஐந்து ரூபாய் ஆவதும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

கேஸ் கீசர் கணக்கில் நடுவே நிற்கிறது: வாளிக்கு 57 கிராம் வாயு, சிலிண்டர் 900 ரூபாய் என்றால் மூன்றரை ரூபாய்ச் சொச்சம். நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் கொட்டும், கரண்ட் போனாலும் ஓடும். ஆனாலும் குளியலறைக்குள் மாட்டுவதாக இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரையும் அட்டை வைத்து அடைத்திருப்பார்கள். சுடர் அரைகுறையாக எரிந்தால் கிளம்பும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வெளிச்சுவரில், மழை படாத கூரைக்குக் கீழே மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விட வேண்டும். கடுங்குளிரில் சிலிண்டருக்குள் வாயு மெதுவாகத்தான் கிளம்பும், சுடரும் சிறுக்கும்.

சோலார், பனிமூட்டமும் மழையும் இல்லாத மாதங்களுக்கு மட்டும். வாங்கினால் கண்ணாடிக் குழல் வகை. தட்டை வகையில் உறைபனி இரவில் செம்புக் குழாய் வெடிக்க வாய்ப்புண்டு. கண்ணாடிக் குழலுக்குக் குரங்கு எதிரி. கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகும் சீகை (வாட்டில்) விறகும் கைக்கெட்டும் வீடுகளில் பழைய செம்பு பாய்லருக்கு ஈடு இன்னும் வரவில்லை.

சரிவில் கட்டிய வீட்டுக்கு ஒரு சிக்கல் தனி. தொட்டி மேட்டில் 40 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீசரில் 4 பார் அழுத்தம் நிற்கும். 8 பார் தாங்கும் டேங்க் என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள். சுண்ணாம்பு குறைந்த ஊற்றுத் தண்ணீரில் காயிலில் உப்பு படியாது, அது லாபம். மென்மையான தண்ணீர் இரும்பை அரிக்கும், அது நஷ்டம். டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காப்பது உள்ளே இருக்கும் மெக்னீசிய அனோடு ராடு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பெரும்பகுதி தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். டேங்குக்கு ஏழு வருட வாரண்டி என்ற அட்டையைப் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன், டெக்னீஷியன் எந்த ஊரிலிருந்து வருவார் என்று கேளுங்கள். மேட்டுப்பாளையம் என்று பதில் வந்தால், அனோடு ராடைக் கழற்ற ஒரு ஸ்பேனரையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.